பேட்டரியில் பழகிய பிள்ளை சுவர் பிளக்கைத் தொடாமலிருக்க எப்படிக் கற்பிப்பது?

கேள்வி – இழைவிளக்கு

அனைவருக்கும் வணக்கம். 11 முதல் 13 வயதுவரையுள்ள எட்டுப் பிள்ளைகளுக்கு வார இறுதிகளில் மின்னியலின் அடிப்படைகளைச் சொல்லித்தருகிறேன். நான் கணக்கு ஆசிரியை. மின்னியல் எனக்குப் பொழுதுபோக்கு மட்டுமே. நான்கு வகுப்புகள் முடிந்துவிட்டன. 9 வோல்ட் பேட்டரி, சுவிட்ச், 470 ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடை), சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றைப் பிரெட்போர்டில் (பாகங்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை) தாங்களாகவே செருகி எரியவிடும் அளவுக்குப் பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள்.

சென்ற வாரம் நடந்த ஒன்றுதான் என்னை இங்கே எழுதவைத்தது. வகுப்புக்கு வரும் என் அக்கா மகன், வீட்டில் யாரும் கவனிக்காத நேரத்தில், ஒரு எல்.இ.டி.யின் இரண்டு கால்களிலும் வயரைச் சுற்றி, மறுமுனைகளின் தோலைப் பல்லால் உரித்துவிட்டு, சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டில் செருகப் போயிருக்கிறான். அக்கா தற்செயலாக அறைக்குள் வந்ததால் விபரீதம் எதுவும் நேரவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டபோது, "9 வோல்ட்டிலேயே இவ்வளவு வெளிச்சம் வருகிறதே, 230 வோல்ட்டில் எவ்வளவு வரும் என்று பார்க்க நினைத்தேன், சித்தி" என்றான். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. பேட்டரியின் முனைகளை வெறும் விரலால் தொட்டுக் காட்டி, "பாருங்கள், ஒன்றும் ஆகாது" என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

மின்சாரம் என்றாலே நடுங்கும்படி பிள்ளைகளை மிரட்டவும் எனக்கு மனமில்லை. இப்படிப்பட்ட துணிச்சலை வளர்த்துவிடவும் கூடாது. நான் தொடங்கிய வரிசையே தவறா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 – செம்புச்சுருள்

உங்கள் அக்கா மகன் கேட்டது நல்ல கேள்வி. அதை எடைபோடத் தேவையான அளவுகோல் அவன் கையில் இல்லை, அவ்வளவுதான். வோல்ட் என்பது வெளிச்சத்தின் அளவு என்று அவன் விளங்கிக்கொண்டிருக்கிறான். பிரெட்போர்டில் தொடங்கியதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால், துளைகளுக்கு அடியில் எது எதோடு இணைந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாத அந்தப் பலகையில், மின்சுற்று என்ற கருத்தே மறைந்துபோய், செருகும் இடத்தை மனப்பாடம் செய்யும் வேலையாக அது மாறிவிடும் வாய்ப்பு அதிகம்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். முதல் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு 1.5 வோல்ட் மின்கலம், ஒரு பழைய வகை டார்ச் பல்பு, ஒரே ஒரு துண்டுக் கம்பி ஆகியவற்றை மட்டும் கொடுத்து, எரியவையுங்கள் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். பெரும்பாலானோர் பல்பின் அடிமுனையை மட்டும் மின்கலத்தோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, பல்பு பழுது என்று புகார் சொல்வார்கள். யாராவது ஒருவர், மின்கலத்தின் அடியிலிருந்து வரும் கம்பியைப் பல்பின் பக்கவாட்டு உலோகத்தில் தற்செயலாகத் தொட்டு எரியவைத்துவிடுவார். பிறகு பூதக்கண்ணாடியைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் இழையின் ஒரு முனை அடிக்குமிழுக்கும் மறுமுனை பக்கவாட்டு உலோகத்துக்கும் போவதைக் கண்ணாலேயே காண்பார்கள். போகவும் வரவும் வழி வேண்டும் என்பது அங்கேதான் பதிகிறது.

அடுத்த முட்டுக்கட்டை, பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்ற எண்ணம். பெரியவர்களிடமும் இது உண்டு. இதை வாதாடித் தீர்க்க முடியாது. மேசையில் வடக்கு தெற்காகக் கம்பியை நீட்டி, அதன் கீழே ஒரு திசைகாட்டியை வையுங்கள். சுற்றை மூடியதும் ஊசி சற்று விலகும். 1820இல் எர்ஸ்டெட் கண்டது இதைத்தான். பல்புக்கு முன்னால் உள்ள கம்பியின் கீழ் வைத்தாலும் பின்னால் உள்ள கம்பியின் கீழ் வைத்தாலும் விலகும் அளவு மாறாது. திரும்பி வரும் பக்கத்தில் ஊசி எதிர்த்திசையில் விலகும். பாதி மின்னோட்டம் பல்பில் தீர்ந்துபோயிருந்தால் இப்படி நடக்குமா என்று பிள்ளைகளையே கேளுங்கள்.

இதற்கு உவமை தேவைப்பட்டால் எல்லாரையும் வட்டமாக நிறுத்தி, முனைகள் முடிந்த ஒரு நீளக் கயிற்றைத் தளர்வாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒருவர் கயிற்றை இழுத்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அவர்தான் மின்கலம். இன்னொருவர் சற்று இறுக்கிப் பிடிக்க வேண்டும், அவர்தான் பல்பு. இறுக்கியவரின் உள்ளங்கை சுடும், ஆனால் கயிறு ஓர் அங்குலம்கூடக் குறையாது. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் நொடிக்கு 0.1 மில்லிமீட்டர்கூட இல்லை என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். கயிற்றைப் பிடித்துப் பார்த்தவர்கள் நம்புவார்கள், ஏனென்றால் கயிறு மெதுவாக நகர்ந்தாலும் வட்டம் முழுவதும் ஒரே நேரத்தில்தான் நகரத் தொடங்கியது.

மறுமொழி 2 – மூன்றாம் முள்

கட்டடங்களுக்கு வயரிங் செய்வது என் தொழில். மேலே நண்பர் சொன்னது சுற்று பற்றியது. "பாருங்கள், ஒன்றும் ஆகாது" என்று நீங்கள் காட்டியதில் விடுபட்ட பாதியை நான் சொல்கிறேன். ஒன்றும் ஆகாததற்குக் காரணம் பேட்டரியின் நல்ல குணம் இல்லை, நம் தோலின் தடை.

இதை மல்டிமீட்டர் என்ற மின் அளவைக் கருவியால் அளந்தே காட்டலாம். அது எதிலும் இணைக்கப்படாமல் தனியே இருக்க வேண்டும். ஓம் அளவைக்கு மாற்றிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு கைவிரல்களாலும் இரண்டு முனைகளைப் பிடிக்கட்டும். காய்ந்த கையில் பல லட்சம் ஓம் காட்டும், சிலருக்கு அதையும் தாண்டும். விரலை உப்புநீரில் நனைத்துவிட்டு மறுபடி பிடிக்கச் சொல்லுங்கள். எண் சரசரவென்று இறங்கும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று வாழ்நாளெல்லாம் கேட்டு அலுத்த பிள்ளை, அந்த எண் இறங்குவதைத் தானே பார்க்கும்போது வாய்மூடி நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

பிறகு உங்கள் துறைக்கு வாருங்கள். காய்ந்த கையின் தடையை 1 லட்சம் ஓம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 9 வோல்ட் செலுத்தும் மின்னோட்டம் 0.09 மில்லிஆம்பியர், ஏறத்தாழ 1 மில்லிஆம்பியரில்தான் நமக்கு உறைக்கவே தொடங்கும். ஆனால் 230 வோல்ட்டுக்கு அதே 1 லட்சத்தால் வகுக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் மேல்தோலின் காப்பு உடைந்து, உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் அளவுக்கு விழுந்துவிடும். 230ஐ 1000ஆல் வகுத்தால் 230 மில்லிஆம்பியர். 10 மில்லிஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகிப் பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம். சில பத்து மில்லிஆம்பியர் மார்பின் வழியே சற்று நேரம் பாய்ந்தால் இதயத்தின் துடிப்பே குலைந்துபோகும். மின்கலத்தில் அளந்த தடையை வைத்துச் சுவர் மின்சாரத்தைக் கணக்கிட முடியாது என்பதைக் கரும்பலகையில் தனியாக எழுதிப் போடுங்கள், ஏனென்றால் கணக்குத் தெரிந்த பிள்ளைதான் இந்த இடத்தில் ஏமாறும்.

அவனுடைய எல்.இ.டி. கேள்விக்கும் கணக்கிலேயே விடை உண்டு. சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மீதி 7 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழும். 7ஐ 470ஆல் வகுத்தால் 15 மில்லிஆம்பியர், ரெசிஸ்டரில் எழும் வெப்பம் 0.1 வாட். அதே ரெசிஸ்டரை 230 வோல்ட்டில் வைத்தால் அரை ஆம்பியர் பாயப் பார்க்கும், வெப்பம் நூறு வாட்டைத் தாண்டும். கால் வாட் தாங்கும் பொருளுக்கு நூறு வாட். அவனோ அந்த ரெசிஸ்டரைக்கூட வைக்கவில்லை. வெளிச்சத்துக்குப் பதிலாக முகத்துக்கு நேரே வெடிப்பும் தீப்பொறியும்தான் வந்திருக்கும்.

இன்னொன்று. மெயின் பெட்டியில் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இருப்பதால் ஆளுக்கு ஆபத்தில்லை என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. வயர் சூடேறி எரியாமல் காப்பதற்கானது. கால் ஆம்பியர் மனிதனுக்குள் பாய்வது அதற்குத் தெரியவே தெரியாது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று பார்த்து, 30 மில்லிஆம்பியர் வேறுபாட்டுக்குள் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி.தான் ஆளைக் காப்பது. அதுகூட, ஒரு கையில் ஃபேஸும் (மின்சாரம் வரும் வயர்) மறு கையில் நியூட்ரலும் (திரும்பும் வயர்) பிடித்தவரைக் காப்பாற்றாது, ஏனென்றால் போனதெல்லாம் திரும்பிவிடுகிறது, கசிவு எதுவும் அதன் கணக்கில் வராது. உங்கள் அக்கா மகன் இரண்டு கையிலும் ஒவ்வொரு வயராகப் பிடித்துக்கொண்டு போனதாக எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி 3 – பற்றாசு

மேலே உள்ள இருவரும் மின்கலத்தை அப்பாவியாக்கிவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. நான் பழுதுபார்ப்பவன், என் பணிமேசையில் தீ பிடித்தது ஒரே முறை, அதுவும் 3.7 வோல்ட்டில். பழைய லேப்டாப் ஒன்றிலிருந்து எடுத்த லித்தியம் செல்லின் முனைகளுக்குக் குறுக்கே ஒரு திருப்புளி விழுந்தது, அவ்வளவுதான். ஷாக் அடிக்காத மின்னழுத்தமும் சுட்டுப் பொசுக்கும். ஆகவே தொடக்க வகுப்புக்குச் சாதாரணக் கார்பன்–துத்தநாக மின்கலமே போதும்; அதன் உள்தடை அதிகமென்பதால் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஆனாலும் பாயும் மின்னோட்டம் குறைவு. கழற்றிய லித்தியம் செல் எதுவும் வகுப்பறைக்குள் வரக் கூடாது. 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைகளும் ஒரே பக்கம் இருப்பதால், சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகவும் விடாதீர்கள்.

இதைவிட அவசரமானது பொத்தான் மின்கலம். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள 3 வோல்ட் லித்தியம் வகையை ஒரு சிறு குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரத்தின் வழியே மின்னோட்டம் பாய்ந்து அரிக்கும் காரப்பொருள் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். உங்கள் மாணவர்கள் விழுங்கமாட்டார்கள். அவர்கள் வீட்டுக்கு எடுத்துச்செல்லும் மின்னும் அட்டையை அவர்களுடைய தம்பி தங்கைகள் வாயில் வைப்பார்கள். எனவே வீட்டுக்குப் போகும் எந்தச் செய்முறையிலும் அதைச் சேர்க்காதீர்கள்.

பழைய சாதனங்களைப் பிரித்துப் பார்க்கும் ஆசை அடுத்து வரும். சுவர் மின்சாரத்தில் ஓடிய எதையும் இந்த வயதில் பிரிக்கவிடக் கூடாது. 230 வோல்ட்டில் ஓடிய சார்ஜருக்குள் இருக்கும் மின்தேக்கியில் (மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் பாகம்) 325 வோல்ட் வரை தேங்கியிருக்கலாம், மைக்ரோவேவ் அடுப்பின் மின்தேக்கியோ ஆளையே கொல்லக்கூடியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்ற நிம்மதி இங்கே செல்லாது. பேட்டரியில் ஓடிய பொம்மை, ரிமோட், சுவர்க் கடிகாரம் ஆகியவற்றைத் தாராளமாகப் பிரிக்கட்டும்.

இழைவிளக்கு

மூவருக்கும் நன்றி. வரும் வகுப்பில் பிரெட்போர்டை ஓரமாக வைத்துவிட்டு, டார்ச் பல்பிலிருந்து மறுபடி தொடங்குகிறேன். அதற்கடுத்தது உப்புநீர் அளவீடு. ஒரே ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. சுவர் மின்சாரத்தைப் பற்றி வாயால் சொல்வதோடு நிறுத்திவிடவேண்டுமா, எதையாவது காட்டலாமா?

மூன்றாம் முள்

காட்டுங்கள், ஆனால் மின்சாரமே இல்லாத பொருளில். வயரோடு சேர்ந்த ஒரு பழைய மூன்று முள் பிளக், திருகு கழற்றிப் பிரிக்கக்கூடியதாக, மறுமுனை எந்தச் சாதனத்திலும் இணையாததாக இருக்கட்டும். பிள்ளைகளே மூடியைக் கழற்றி, மூன்று வயரும் எந்தெந்த முள்ளில் முடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கட்டும். பல பிளக்குகளில் எர்த் முள் (சாதனத்தின் உலோக உடலுக்குக் கசியும் மின்சாரத்தைத் தரைக்கு அனுப்புவது) மற்ற இரண்டையும்விட நீளமாக இருக்கும். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காகவே அப்படி. காரணத்தை நீங்களாகச் சொல்லிவிடாமல் அவர்களையே கண்டுபிடிக்கவையுங்கள்.

அதோடு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஷாக் அடித்து ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தால் அவரைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுவதை, தீயணைப்புப் பயிற்சி போல உடம்பால் செய்துபார்க்கவேண்டும். பதறும் நேரத்தில் படித்தது கைக்கு வராது.

இழைவிளக்கு (இரண்டு வாரம் கழித்து)

பிளக்கைப் பிரித்துக் காட்டினேன். அக்கா மகன் வீட்டுக்குப் போனதும் அவன் அம்மாவிடம் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைக் காட்டச் சொல்லியிருக்கிறான். தானாகத் தொடாமல், பிடுங்கி வைத்த பிளக்கை அக்காவையே கழற்றச் சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தானாம். உள்ளே எர்த்துக்கான பச்சை வயர் எந்த முள்ளிலும் முடுக்கப்படாமல், நுனி மடங்கி, சும்மா கிடந்திருக்கிறது. அந்தப் பெட்டியில்தான் அவர்கள் பல வருடங்களாகத் துணி தேய்த்துவந்திருக்கிறார்கள். புதிய பிளக் மாட்ட எலக்ட்ரீஷியன் நாளை வருகிறார்; தானும் கூட நின்று பார்க்க வேண்டும் என்று அவன் இப்போதே சொல்லிவைத்திருக்கிறான்.