20 நாட்டுக்கோழிக்கு மூட்டைத் தீவனம் கட்டுப்படியாகவில்லை, 20 சென்ட் இடம் இருக்கிறது, என்ன போடலாம்?

ஒட்டன்சத்திரம் கொல்லை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் வீடு, வீட்டுக்குப் பின்னால் 20 சென்ட் சும்மா கிடக்கிறது. மானாவாரிதான், போர் தண்ணீர் வீட்டுச் செலவுக்கே காணாது. சிறுவிடைக் கோழி 18, சேவல் 2 வைத்திருக்கிறேன், ஒரு கோழி குஞ்சுகளோடு திரிகிறது, இன்னொன்று அடையில் இருக்கிறது. கடையில் லேயர் தீவனம் (முட்டைக்கோழிக்கானது) 50 கிலோ மூட்டை வாங்கிப் போடுகிறேன், ஒரு மாசத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. முட்டை விற்ற காசு அப்படியே மூட்டைக்குப் போய்விடுகிறது. தாய்க்கோழி, குஞ்சு எல்லாவற்றுக்கும் அதே தீவனம்தான்.

வீட்டுக்காரர் மக்காச்சோளம் போடலாம் என்கிறார். அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் பாசி மாதிரிச் செடி) வளர்த்தால் தீவனச் செலவே பாதியாகிவிடும் என்று வீடியோ பார்த்தேன், அதற்கு ஒரு தொட்டி கட்டலாமா? அப்புறம் பக்கத்துச் செக்கில் கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது, அதை நேரடியாகப் போடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேட்டாங்காடு பதில்:

சகோதரி, முதலில் குஞ்சுக்கு லேயர் தீவனம் போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். முட்டை ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச் சத்தை மூன்றரை, நாலு சதவீதம் வரை சேர்த்திருப்பார்கள், குஞ்சுக்கு ஒரு சதவீதமே தாராளம். மிச்சமெல்லாம் சிறுநீரகத்தில் போய் உட்காரும், குஞ்சு தேறாது, காரணமும் தெரியாது. கடையில் குஞ்சுத் தீவனம், ஸ்டார்ட்டர் என்று கேட்டு வாங்கி 8 வாரம் வரைக்கும் அதையே கொடுங்கள். செலவாகுமே என்று பார்க்காதீர்கள், 8 வாரத்தில் ஒரு நாட்டுக்கோழிக் குஞ்சு தின்பதே ஒன்றரைக் கிலோ அளவுதான், மிஞ்சிப்போனால் இரண்டு. பெரிய கோழியிடம் எவ்வளவு சிக்கனம் வேண்டுமானாலும் பிடிக்கலாம், குஞ்சிடம் பிடித்தால் அது கடைசிவரை குட்டையாகவே நிற்கும். தாய்க்கோழி குஞ்சுத் தீவனத்தைத் தின்று தீர்க்கிறதா? பஞ்சாரத்தை (கோழி மூடும் கூடை) கவிழ்த்து நாலு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், குஞ்சு மட்டும் உள்ளே நுழையும் உயரத்துக்கு. தீவனத் தட்டு அதற்குள் இருக்கட்டும்.

இப்போது பெரிய கோழி. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு கோழிக்கு நாளைக்கு 80 கிராம் வருகிறது. அது கூண்டில் அடைத்த கோழிக்கு வைக்கும் அளவு. வெளியே மேய இடம் இருக்கும் கோழிக்கு அவ்வளவும் தட்டிலேயே வைத்தால் அது ஏன் குப்பையைக் கிளறப் போகிறது? 40, 50 கிராம் போதும். காலையில் பேருக்கு ஒரு கைப்பிடி, அப்போதுதான் மேயப் போகும், மிச்சத்தைச் சாயங்காலம் அடையும் நேரத்தில் போடுங்கள். அடைந்த பிறகு இரண்டு மூன்று கோழிக்கு இரைப்பையைத் தடவிப் பாருங்கள், கெட்டியாக நிறைந்திருந்தால் சரி, தொளதொள என்றிருந்தால் ஒரு பிடி கூட்டுங்கள். வெயில் காலத்தில் பூச்சி பச்சை எதுவும் இருக்காது, மாசியிலிருந்து நல்ல மழை விழும் வரைக்கும் கூட்டித்தான் ஆக வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே மூட்டை ஒன்றரை மாசத்துக்கு மேல் வரும்.

20 சென்டில் என்ன போடுவது என்றால், கம்பு. வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், தண்ணீர் இல்லாத இடத்தில் மக்காச்சோளம் வேண்டாம். 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து மருந்தடிக்காமல் மக்காச்சோளம் எடுப்பது பெரும்பாடு, மருந்தடித்த காட்டில் கோழி மேயவும் கூடாது. எடுத்தாலும் மில்லுக்குத் தூக்கிப்போய் உடைக்க வேண்டும். தை மாசி அறுவடையில் விலை இறங்கும்போது வாங்கிக்கொள்வதே லாபம். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் அதுதான் பெரிய வெள்ளாமை, உங்கள் ஊர்ச் சந்தைக்கும் வரும். கம்புக்கு ஒரு மழை பிடித்துவிட்டால் 85, 90 நாளில் கதிர் அறுக்கலாம். மணி சின்னது, உடைக்காமல் அப்படியே வீசலாம். புரதமும் மக்காச்சோளத்தைவிட ஓரளவு கூடத்தான். மானாவாரி 20 சென்டில் 150 கிலோ எடுத்தால் நல்ல விளைச்சல். உங்கள் கோழிக்குத் தீவனம் மொத்தமாக வருஷத்துக்கு 300, 350 கிலோ வேண்டியிருக்கும், அதில் கிட்டத்தட்ட பாதி வீட்டிலேயே வந்துவிடும்.

பாசிக்குட்டை பதில்:

அசோலாவை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். நான் வருஷக்கணக்கில் வளர்க்கிறேன். தொட்டியெல்லாம் கட்ட வேண்டாம். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் சில்பாலின் பிளாஸ்டிக் ஷீட் போதும், சுற்றிலும் செங்கல்லை அடுக்கி விரித்துவிடுங்கள். சலித்த மண் 10, 15 கிலோ பரப்பி, 2 கிலோ பச்சைச் சாணமும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ தாய் அசோலா தூவினால் இரண்டு வாரத்தில் மூடிவிடும். அதற்கப்புறம் தினமும் அரைக் கிலோ அள்ளலாம். ஐந்து நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் சாணமும் பாஸ்பேட்டும், மரநிழல், அவ்வளவுதான். புரதம் 25 சதவீதம்! புண்ணாக்கே தேவையில்லை. அள்ளியதும் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள், சாண வாடை இருந்தால் கோழி மூக்கை வைக்காது.

சலித்த தவிடு பதில்:

பாசிக்குட்டை அண்ணன் வளர்க்கும் முறையைச் சரியாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் அந்த 25 சதவீதம் காய்ந்த அசோலாவுக்கு உள்ள கணக்கு. குட்டையிலிருந்து அள்ளும்போது அதில் 94 சதவீதம் வெறும் தண்ணீர். அரைக் கிலோ பச்சை அசோலாவைக் காய வைத்தால் 30 கிராம் தேறும், அதில் புரதம் ஏழெட்டு கிராம். 20 கோழிக்கு நாளைக்கு மொத்தம் 200 கிராமுக்கு மேல் புரதம் வேண்டும். ஒரு குட்டையை நம்பிப் புண்ணாக்கை நிறுத்தினால் இரண்டு மாதத்தில் முட்டை நிற்கும், அப்புறம் கோழி சரியில்லை என்று விற்றுவிடுவார்கள். பாதிச் செலவு மிச்சம் என்று வீடியோவில் சொல்கிறவர்கள் ஒரு தடவையாவது அசோலாவைக் காய வைத்து நிறுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மண்ணில்லாமல் தட்டில் முளைக்கவிடும் ஹைட்ரோபோனிக் கம்பு, ஒரு கிலோ விதையில் ஆறு கிலோ பச்சை என்பதும் இதே கதைதான், கூடியது அத்தனையும் தண்ணீர்.

நான் நாமக்கல்லில் ஒரு தீவன மில்லில் கலவைப் பக்கம் வேலை பார்த்தவன். மேய்கிற பெரிய கோழிக்கு வீட்டில் கலப்பதென்றால் 100 கிலோவுக்கு இப்படிப் போடுவேன்: உடைத்த மக்காச்சோளம் 42, கம்பு 10, அரிசித் தவிடு 25, சோயா புண்ணாக்கு 15, கருவாட்டுத் தூள் 5, தாது உப்புக் கலவை 2, கிளிஞ்சல் தூள் 1. புரதம் 16, 17 சதவீதம் வந்துவிடும், மேயும் கோழிக்கு அது ஏராளம். கம்பு நிறைய விளைந்தால் மக்காச்சோளத்தைக் குறைத்துக் கம்பைக் கூட்டிக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது. கருவாட்டில் உப்பு இருக்கும், அதனால் தனியாகக் கல்லுப்பு போட வேண்டாம். முட்டையிடும் கோழிக்கு இன்னும் சுண்ணாம்பு வேண்டும், ஒரு முட்டை ஓட்டிலேயே இரண்டு கிராம் கால்சியம் போகிறது. அதைக் கலவையில் கூட்டாமல் கிளிஞ்சலை உடைத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள், தேவைப்படும் கோழி தானே போய்க் கொத்தும், சேவல் அந்தப் பக்கமே போகாது.

கலக்குவதைவிட வாங்குவதில்தான் ஏமாறுகிறோம். தவிட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், உமி கலந்திருந்தால் மேலே மிதக்கும். கருவாட்டுத் தூளையும் அப்படியே, மணல் அடியில் தங்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் வாங்கிய தூளில் கிட்டத்தட்ட பாதி மணல், மீன் விலைக்கு ஆற்று மணல் வாங்கிவந்திருக்கிறார். மில்லில் அன்றைக்கு இறங்கிய தவிடு இனிப்பாக வாசம் அடிக்கும், எண்ணெய் இருப்பதால் இரண்டு மூன்று வாரத்தில் சிக்கு வாடை வந்துவிடும், அப்படி வந்ததைக் கோழிக்குப் போடாதீர்கள். அதனால்தான் 15 நாளுக்கு மேல் ஆகிற அளவுக்கு ஒரே நேரத்தில் கலக்காதீர்கள் என்பேன்.

செக்குக் கடலைப் புண்ணாக்கு பற்றிக் கேட்டீர்கள். புரதம் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும், நல்ல சரக்குதான், ஆனால் எனக்கு அதைக் கண்டால் பயம். சொத்தைக் கடலை, ஈரம் பட்ட கடலையெல்லாம் செக்குக்குத்தான் போகும், அதில் அஃப்ளாடாக்சின் பூஞ்சை நஞ்சு இருந்தால் கல்லீரலை அரித்துவிடும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழி செத்தது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கால்தான், அந்த நஞ்சையே அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். வெயிலில் போட்டாலோ வேகவைத்தாலோ அது போகாது. கண்ணால் பார்த்தும் சொல்ல முடியாது, பூஞ்சை தெரியாத சரக்கிலும் நஞ்சு இருக்கலாம். தை மாசத்துப் புதுக்கடலை ஆட்டிய புண்ணாக்கு என்றால் சோயாவில் பாதிக்குப் பதிலாகப் போடுங்கள், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தொடவே வேண்டாம். குஞ்சுக்கு எந்த மாசத்திலும் வேண்டாம். வாத்து வைத்திருந்தால் அதற்கும் கூடாது, கோழியைவிட வாத்து சீக்கிரம் சாயும்.

பாசிக்குட்டை பதில்:

கணக்கெல்லாம் சரி தம்பி, நான் கிராமை நிறுத்துப் பார்த்தவன் இல்லை. ஆனால் அசோலா போட்ட கோழி முட்டையை உடைத்துப் பாருங்கள், மஞ்சள் கரு எப்படி இருக்கிறதென்று. வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

சலித்த தவிடு பதில்:

அதை மறுக்கவே இல்லை அண்ணா. நிறத்துக்கு அசோலா, முருங்கைக் கீரை, அகத்தி, வேலிமசால் எல்லாமே நல்லது. சகோதரிக்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்பதால் சொல்கிறேன், குட்டைக்கு ஊற்றும் தண்ணீரை வேலியோரம் நாலு முருங்கைப் போத்துக்கு ஊற்றினால் வேர் பிடித்த பிறகு அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். கிளையை ஒடித்துக் கோழி எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், தரையில் போட்டால் மிதித்தே வீணாக்கும். சூபாபுல் தழை மட்டும் வேண்டாம், அதில் உள்ள மைமோசின் என்ற நஞ்சு கோழிக்கு ஆகாது.

ஒட்டன்சத்திரம் கொல்லை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பஞ்சாரத்தை இன்றைக்கே தூக்கி வைத்துவிட்டேன், தாய்க்கோழி சுற்றிச் சுற்றி வந்து கத்துகிறது. அசோலாவை இப்போதைக்கு விட்டுவிட்டேன். கம்புதான் என்று வீட்டுக்காரரும் ஒப்புக்கொண்டார், ஆனால் கோழியே விதையைக் கிளறித் தின்றுவிடாதா? இன்னொன்று, என் மாமியார் குஞ்சுக்குக் கரையான் பிடித்துப் போடச் சொல்கிறார். உண்மையிலேயே பலன் இருக்கிறதா?

பானைக்காரி பதில்:

மாமியார் சொல்வதைக் கேளுங்கள் கண்ணு! குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது, பொரித்த மறுநாளே கொத்தும். பழைய மண்பானைக்குள் கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் புற்றுப் பக்கமாகச் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஒரு பானை ஒரு அடைக் குஞ்சுக்குப் போதும், பெரிய கோழிக்கெல்லாம் கட்டாது. ஸ்டார்ட்டரை நிறுத்திவிடாதீர்கள், அதோடு சேர்த்துக் கொடுங்கள். வீட்டுச் சுவரோரம், மரச்சாமான் பக்கம் பானையை வைக்க வேண்டாம், கரையான் மருந்தடித்த இடத்திலும் கூடவே கூடாது.

சலித்த தவிடு பதில்:

பெரிய கோழிக்குப் புழுதான் வேண்டுமென்றால் பி.எஸ்.எஃப். (பிளாக் சோல்ஜர் ஃபிளை) புழுவைப் பாருங்கள், கறுப்பாக நீளமாகக் குளவி மாதிரி இருக்குமே, அந்த ஈயின் புழு. காய்கறிக் கழிவிலேயே வளரும். ஒரு கிலோ பச்சைப் புழுவில் 100 கிராமுக்கு மேல் புரதம் தேறும், அசோலாவில் 15 கிராம். முற்றிய புழு கருத்த நிறமாகி, சாய்வாக ஒரு பலகை வைத்தால் தானே ஏறி வந்து டப்பாவில் விழும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு காய்கறிக் கழிவுக்குப் பஞ்சமா? வாடை அடிக்கும், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

மேட்டாங்காடு பதில்:

கோழி கிளறத்தான் செய்யும். விதைத்து ஒரு மாசம் வரைக்கும் பழைய சேலையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், பயிர் முழங்காலைத் தாண்டிவிட்டால் அவிழ்த்துவிடலாம், அப்புறம் உள்ளே போய்ப் பூச்சி பொறுக்கும், நல்லதுதான். பால் பிடிக்கும் நேரத்தில் குருவியை ஓட்ட ஆள் வேண்டும், அதற்கு வேறு வழி இல்லை. 20 சென்டுக்கு அரைக் கிலோ விதை போதும். கோ 10 ரகம் கேட்டுப் பாருங்கள், அது கலப்பினம் இல்லை, நல்ல கதிராகப் பார்த்து அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆடியில் மழை தவறினால் புரட்டாசியில் போடுங்கள், உங்கள் பக்கம் புரட்டாசி மழைதான் நம்பிக்கை.

இன்னொன்று, தீவனத்தை மாற்றும் நேரத்தில் கோழி செத்தால் எல்லோரும் தீவனத்தைத்தான் திட்டுவார்கள். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு ஊசி போட்டிருக்கிறீர்களா?

ஒட்டன்சத்திரம் கொல்லை எழுதியது:

பெரியவற்றுக்குப் போன முகாமில் போட்டாயிற்று, குஞ்சுக்கு இன்னும் சொட்டு மருந்து விடவில்லை. நாளைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகிறேன். கோ 10 விதை எங்கே கிடைக்கும்?

மேட்டாங்காடு பதில்:

வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள், சீசனுக்கு ஒரு மாசம் முன்னாலேயே பெயர் சொல்லி வைத்துவிடுங்கள். மழை விழுந்த பிறகு போனால் தீர்ந்துவிட்டது என்பார்கள்.