கோவலன் கூத்து இரவு: ஒலி, மின்சாரம், கடை வாடகை பற்றி அனுபவக்காரரின் உதவி தேவை

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவு முள்ளியவளைப் பக்கம் வாற ஆவணியில் விடிய விடியக் கோவலன் கூத்து. ஐப்பசிக்குத் தள்ளினால் மழை வந்துவிடும். பந்தல், சாப்பாடு, உடுப்புத் தையல் எல்லாம் ஊரவர் கையால்தான். அன்று புழங்கும் காசு ஊருக்குள்ளேயே நிற்கவேணும்.

வட்டக்களரியில் (சனம் சுற்றிவர இருந்து பார்க்கும் வட்ட மேடை) ஒலிதான் பெரிய தலையிடி. ஆட்டக்காரர் நாலு பக்கமும் திரும்புவதால் ஒற்றை மைக் பாதிப் பாட்டைத் தவறவிடும். பந்தல் கப்புகளில் நாலு மைக் தொங்கவிட்டால் மத்தளம் பாட்டை விழுங்குகிறது. ஸ்பீக்கர் உள்நோக்கி இருந்தால் அதன் சத்தம் திரும்ப மைக்கில் புகுந்து கூவும், ஆகவே களரிக்கு வெளியே, சனத்தைப் பார்த்தபடிதான். தலையில் மாட்டும் மைக் கூத்துக் கிரீடத்துக்கும் வியர்வைக்கும் தாக்குப்பிடிக்குமா?

இரைச்சலுக்காக ஜெனரேட்டர் 60 மீற்றர் தள்ளி நிற்கும். சுமை 3 கிலோவாட், அதாவது 13 அம்பியர். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் ஏறத்தாழ 14 வோல்ட் இறங்கும். 4 சதுர மில்லிமீற்றர் என்றால் 9 வோல்ட் அளவில். லைட் டிம்மரும் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) ஒலி மிக்சரும் ஒரே வயரில் வந்தால் ஸ்பீக்கர் இரையும், எனவே இரண்டுக்கும் தனித்தனி வயர் இழுவை. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ 4 சதுர மில்லிமீற்றர் வயர் வாடகைக்குக் கிடைக்குமா?

ரிக்கற் வைத்தால் சுற்றி வேலி, பிரதேச சபையின் கேளிக்கை வரி. (ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எப்படியும் வேணும்.) அதைவிட இலவசமாக விட்டு, கடைகளிடம் வாடகை வாங்குவதே நல்லதாகப் படுகிறது. விற்பனையில் பங்கு என்றால் நடுச்சாமத்தில் யார் கணக்குப் பார்ப்பது? மாதர் சங்கக் கடைக்கு எவ்வளவு வாங்கினால் நியாயம்? நடத்திப் பார்த்தவர்கள் தொகையோடு சொல்லுங்கோ.