எல்எல்விஎம் மேல் ஸ்கீம் கொம்பைலர்: டெயில் காலில் ஸ்டாக் நிரம்புகிறது

ஹட்டன்_தம்பி:
இங்கே உயர்தரப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சின்ன ஸ்கீம் (லிஸ்ப் வகை நிரல்மொழி) கொம்பைலர், எல்எல்விஎம் (மெஷின் கோட் உருவாக்கும் கருவித்தொகுதி) மேல். லூப் 1000 சுற்று ஓடுது, 1000000 என்றால் விழுது. ஃபங்ஷன் கடைசியாகச் செய்யும் அழைப்பில் (டெயில் கால்) 'டெயில்' குறி போட்டிருக்கிறேனே, ஏன் ஸ்டாக் (அழைப்புகளுக்கான நினைவகம்) நிரம்புது?

பண்டாரவளை_அக்கா:
தம்பி, 'டெயில்' வெறும் அனுமதிதான், உத்தரவாதம் இல்லை. 'மஸ்ட்டெயில்' (கட்டாயக் குறி) போடுங்க, அடுத்த கட்டளையே 'ரெட்' (ஃபங்ஷனிலிருந்து திரும்புதல்) ஆக இருக்க வேணும். வழமையான அழைப்பு முறையில் இரண்டு ஃபங்ஷனின் வகையும் (ஆர்கியூமென்ட், திருப்பும் மதிப்பு) ஒத்திருக்க வேணும். ஸ்கீமிலோ 2 ஆர்கியூமென்ட் எடுப்பது 3 எடுப்பதை அழைக்கும். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம்: குளோஷர் (ஃபங்ஷனும் அது பிடித்து வைத்த மாறிகளும்), ஆர்கியூமென்ட் எண்ணிக்கை, ஆர்கியூமென்ட் அரே. அரேயை 'அலோகா'வில் (ஸ்டாக்கில் இடம் எடுக்கும் கட்டளை) எடுக்கவே வேண்டாம்; ஃபிரேம் (அந்த அழைப்பின் ஸ்டாக் பகுதி) போனால் அதுவும் போச்சு. ஹீப்பில் (ஸ்டாக்குக்கு வெளியே உள்ள நினைவகம்) வைங்க.

நுவரெலியா_குளிர்:
அக்கா சொன்னது சரி. 'டெயில்சிசி' (டெயில் காலுக்கான அழைப்பு முறை) போட்டால் வகை ஒத்திருக்கத் தேவையில்லை. ஆனால் ஃபங்ஷன் வரையறையிலும் அழைக்கும் இடத்திலும் இரண்டிலும் எழுதணும். 'மஸ்ட்டெயில்' இல்லாத அழைப்பில் ஒன்றில் விட்டால் வெரிஃபையர் (கோட் சரிபார்க்கும் பகுதி) பிடிக்காது. ஆப்டிமைசர் அந்த அழைப்பையே 'அன்ரீச்சபிள்' (ஓட்டம் வராத இடம்) ஆக்கிடும், பிழை எங்கே என்று தேடி அலைவீங்க.

ஹட்டன்_தம்பி:
அழைக்கும் இடத்தில்தான் விட்டிருந்தேன். முழு எண்ணுக்கு டேக் (மதிப்பின் வகையைக் காட்டும் பிட்) என்ன?

பண்டாரவளை_அக்கா:
கடைசி 3 பிட் 000. கூட்டலுக்கு அப்படியே விடலாம். பெருக்கும் முன் இரண்டில் ஒன்றை மட்டும் 3 பிட் வலப்பக்கம் 'ஏஎஸ்எச்ஆர்' (கூட்டல், கழித்தல் குறியைக் காக்கும் நகர்வு) பண்ணுங்க.