பகிர்ந்த ஆல்பத்தில் 146 படங்களும் நான் அடுக்கிய வரிசையிலேயே நிற்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோரின் திருமணம் 1968 ஆவணியில் கும்பகோணத்தில் நடந்தது. அந்த ஆல்பத்தின் கறுப்புத் தாள்கள் உதிரத் தொடங்கிவிட்டதால், 146 படங்களையும் ஸ்கேன் செய்து, மேகச் சேமிப்பில் ஓர் ஆல்பமாக இட்டு, மூல ஆல்பத்தின் பக்க வரிசைப்படியே ஒவ்வொன்றாக இழுத்து அடுக்கினேன். இதற்கு இரண்டு மாலைகள் ஆயின. என் திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் டொராண்டோவில் இருக்கும் அண்ணன் இணைப்பைத் திறந்து படங்களைத் தம் கணினியில் இறக்கிக்கொண்டபோது தாலி கட்டும் படத்துக்குப் பிறகு மாப்பிள்ளை அழைப்பு வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வேறொரு செயலிக்கு மாற்றிப் பார்த்தபோது, நான் ஸ்கேன் செய்த நாள், நேரப்படி வரிசை அமைந்துவிட்டது. நான் ஆல்பத்தைப் பின்னட்டையிலிருந்து தொடங்கி ஸ்கேன் செய்தேன் என்பதால், அவளுக்குத் திருமணமே தலைகீழாக நடக்கிறது. என் வரிசையை எல்லோருக்கும் நிலைநிறுத்த வழி உண்டா?

பதில் 1

வணக்கம் அம்மா. நீங்கள் இழுத்து அடுக்கிய வரிசை படங்களுக்குள் எங்கும் எழுதப்படவில்லை. அந்தச் சேவை தன் கணக்கேட்டில் வைத்திருக்கும் ஒரு பட்டியல் மட்டுமே அது. ஆகவே படம் அந்த ஆல்பத்தை விட்டு வெளியேறியதும் வரிசை அங்கேயே நின்றுவிடுகிறது. கோப்போடு பயணம் செய்பவை இரண்டுதான். ஒன்று கோப்பின் பெயர்; மற்றொன்று கோப்புக்குள் எக்ஸிஃப் என்ற தகவல் பகுதியில் இருக்கும் படமெடுத்த தேதியும் நேரமும். உங்கள் அண்ணனின் கணினி பெயரைப் பார்த்து அடுக்கியிருக்கிறது, தங்கையின் செயலி தேதியைப் பார்த்து அடுக்கியிருக்கிறது. இரண்டும் ஒரே வரிசையைச் சொல்லும்படி செய்துவிட்டால் யார் எதில் திறந்தாலும் கவலையில்லை.

பெயர் எளிது. 1, 2, 3 என்று எண்ணிட்டால் பல நிரல்கள் எழுத்து வரிசைப்படி 1, 10, 100, 101 என்று போய்விட்டு அதன் பிறகே 2க்கு வரும். 0010, 0020, 0030 என்று நான்கு இலக்கத்தில், பத்துப் பத்தாக எண்ணிடுங்கள். நாளை அத்தை வீட்டுப் பெட்டியிலிருந்து இன்னொரு படம் கிடைத்தால் 0025 என்று நடுவில் செருகலாம். மற்ற 146 பெயர்களையும் தொட வேண்டியதில்லை.

தேதிக்கு எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரல் போதும். எல்லாப் படங்களுக்கும் ஒரே தேதியையும் நேரத்தையும் முதலில் எழுதச் செய்து, பிறகு வரிசை எண்ணுக்கு ஒரு நிமிடம் வீதம் கூட்டச் சொல்லலாம். கோப்புகளைப் பெயர் வரிசையில் எடுத்துக்கொள்ளும்படி அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சொல்லாவிட்டால் கோப்புறையில் தனக்குக் கிடைக்கும் வரிசையிலேயே எடுத்துக்கொள்ளும். எவ்வளவு பழகியவரும் முதல் தடவை இதில் சறுக்குவார்கள்.

பதில் 2

மேலே சொன்ன முறை வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு குடும்ப ஆவணத்தில் இல்லாத நேரத்தை எழுதிவைப்பது எனக்கு உவப்பாக இல்லை. நாற்பது ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளைகள் அதைத்தான் உண்மை என்று நம்புவார்கள். மூல ஸ்கேன் கோப்புகளைத் தொடாமல் தனி வட்டில் வைத்துவிட்டு, பகிர்வதற்கென எடுத்த பிரதிகளில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரண்டாமவர் சொல்வது எனக்கும் உறுத்துகிறது. இரண்டு ஐயங்கள் உள்ளன. 1970க்கு முந்தைய தேதியைக் கணினி ஏற்காது என்று என் மருமகன் சொல்கிறான். மேலும், ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருப்பது திருமணத்துக்கு ஒரு வாரம் கழித்து ஸ்டுடியோவில் எடுத்த தம்பதியர் படம். சிலந்தி வலைப் பின்னல் போட்ட வெண்தாளை விலக்கியதும் கண்ணில் படுவது அதுதான். அதைக் கடைசிக்குத் தள்ள மனம் வரவில்லை.

பதில் 1

உங்கள் மருமகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பல நிரல்கள் காலத்தை 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளாக எண்ணுகின்றன. அதற்கு முந்தையவை எதிர்மறை எண்களாகிவிடுவதால் சில செயலிகள் தடுமாறும். பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் கோப்பு முறையோ 1980க்கு முந்தைய கோப்புத் தேதியையே வைத்துக்கொள்ளாது. ஆனால் எக்ஸிஃப் தேதி கோப்பின் தேதி அன்று. படத்துக்குள் எழுத்துகளாக இருக்கும் குறிப்பு. அதில் 1968 தாராளமாக அடங்கும். மூன்று படங்களை மட்டும் ஏற்றி, உங்கள் சேவை சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருமண நாளையே தேதியாக எழுதிவிட்டால் பெரும்பாலான படங்களுக்கு நாள் உண்மையாகிவிடும், மணி மட்டுமே நாம் வைத்தது. இரண்டாமவரின் மறுப்பு அங்கே பெரிதும் தணியும் என்று நினைக்கிறேன். முதலிலேயே நிறுத்தப்போகும் ஸ்டுடியோ படத்துக்கு அந்த ஆறுதல் இல்லை. அதன் தேதி பொய்யாகத்தான் இருக்கும். ஆகவே அந்த ஒரு படத்தின் விளக்கக் குறிப்பில் உண்மையான நாளை எழுதுங்கள். அந்தக் குறிப்பையும் சேவையின் பெட்டியில் எழுதாமல் எக்ஸிஃப்டூல் வழியாகக் கோப்புக்குள்ளேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் வரிசைக்கு நேர்ந்த கதிதான் குறிப்புக்கும் நேரும்.

நேரத்தை நண்பகல் 12 மணியிலிருந்து தொடங்குங்கள். 146ஆவது படம் பிற்பகல் 2:25இல் முடியும். விடியற்காலை முகூர்த்த நேரத்தை வைத்தால், நேர மண்டலத்தைத் தானாக மாற்றும் செயலி ஒன்று டொராண்டோவில் முந்தைய நாளைக் காட்டிவிடக்கூடும். கோடையில் அவர்கள் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். நண்பகல் அங்கே அதிகாலை 2:30 என்பதால் நாள் மாறாது.

பழைய ஆல்பத்தை நீக்கிவிட்டுப் புதிய பிரதிகளை ஏற்றுங்கள். உள்ளே தேதி மாறிய கோப்பைச் சேவை புதிய படமாகவே எண்ணும் என்பதால், நீக்காவிட்டால் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாகப் போனால் சுருங்குவதோடு பெயரும் தேதியும் கழன்றுவிடும்.

கேட்டவர்

மருமகனை உட்காரவைத்து நேற்றிரவு செய்து முடித்தோம். அண்ணனும் தங்கையும் ஒரே வரிசையைப் பார்க்கிறார்கள். ஆனால் ஆறு படங்கள் மட்டும் நேற்றைய தேதியோடு கடைசியில் போய் நிற்கின்றன. மறுபடியும் ஏற்றியும் அப்படியே.

பதில் 2

அந்த ஆறும் பிஎன்ஜி வகைக் கோப்புகளா என்று பாருங்கள். அவ்வகையில் எக்ஸிஃப் பகுதிக்கு 2017இல்தான் முறையான இடம் கிடைத்தது. இன்றும் அதைப் படிக்காத சேவைகள் உண்டு. ஜேபெக் (JPEG) வகைப் படமாக மாற்றி, தேதியை மீண்டும் எழுதி ஏற்றுங்கள்.

இன்னொன்று. உறவினர்கள் தங்களிடமுள்ள படங்களையும் சேர்க்க விரும்பினால் அவர்களுக்குத் தனியாக ஓர் ஆல்பம் திறந்துகொடுங்கள். இந்த ஆல்பத்தில் சேர்க்கும் உரிமையைத் திறந்துவைத்தால் முதல் வாரமே வரிசை குலையும். கைப்பேசியில் தடுமாறும் பெரியவர்களுக்கு எல்லாப் படங்களையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடுங்கள்; அதில் வரிசை மாற இடமே இல்லை.

கேட்டவர்

ஆறும் பிஎன்ஜிதான். அவை சித்தப்பா தம் கைப்பேசித் திரையைப் படம்பிடித்து அனுப்பியவை. மாற்றி ஏற்றியதும் தம் இடத்தில் வந்து அமர்ந்தன. பிடிஎஃப் அம்மாவுக்குப் போயிற்று. 0370ஆம் படத்தில் நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் நிற்பவர் பெயரை இப்போதுதான் சொன்னார். அதையும் கோப்புக்குள் எழுதிவிட்டேன்.