சோலார் போதும் என்பவர்கள் ராத்திரிக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

உலைக்களம்:
பக்கத்து இழையில் ஒருவர் "பேனல் விலை இறங்கிவிட்டது, பேட்டரியும் வந்துவிட்டது, இனி அணு உலை கட்டுவது பணத்தைக் கடலில் கொட்டுவது" என்று எழுதியிருக்கிறார், ஒரு கூட்டமே கைதட்டியிருக்கிறது. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. விலை இறங்கியது உண்மைதான், யார் இல்லையென்றார்கள்? சுவிட்சைப் போட்டால் எந்த நேரமும் விளக்கு எரியுமா என்பதுதான் கேள்வி. அமெரிக்க அணு உலைகள் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் முழுத் திறனில் 90 சதவீதத்துக்கு மேல் தருகின்றன. அதே நாட்டில் பெரிய சோலார் பண்ணைகள் சராசரியாக 25 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கின்றன. ஒருமுறை எரிபொருள் போட்டால் 18 மாதமோ 24 மாதமோ இரவு பகல் பார்க்காமல் உலை ஓடும். இதற்கு மேல் விவாதிக்க என்ன இருக்கிறது?

வெயிலோன்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், ஒளிந்துகொண்டு எதற்கு? சரி, பிரான்ஸ் 2022. ஆகஸ்ட் கடைசியில் 56 உலைகளில் 32 நின்றுகிடந்தன. பாதிக்கு மேல்! குழாய்களில் அரிப்பு விரிசல். அந்த ஆண்டு அவர்களுடைய அணு மின் உற்பத்தி 279 டெராவாட் மணி அளவுக்கு விழுந்தது (ஒரு டெராவாட் மணி என்றால் நூறு கோடி யூனிட்), 1988-க்குப் பிறகு அவ்வளவு கீழே போனதில்லை. வழக்கமாகப் பக்கத்து நாடுகளுக்கு விற்கும் நாடு அந்த ஆண்டு வாங்கியது. உங்கள் 90 சதவீதம் அப்போது எங்கே போயிற்று?

உலைக்களம்:
வந்துவிட்டார். எந்த இழையில் அணு என்று எழுதினாலும் இதே 32-ஐத் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். அந்த 32-இல் ஒரு பகுதிதான் விரிசலுக்காக நின்றது, மற்றவை கோவிட் காலத்தில் தள்ளிப்போன பராமரிப்புக்கும் எரிபொருள் மாற்றத்துக்கும் நின்றவை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி "விரிசல், விரிசல்" என்று கூவுவது நேர்மையா? 2024-இல் அதே பிரான்ஸ் 360 டெராவாட் மணிக்கு மேல் எடுத்து, ஏற்றுமதியில் சாதனை படைத்தது. அதை ஏன் எழுதவில்லை?

கணக்கன்:
இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். "நம்பகமான மின்சாரம்" என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? ஆண்டு முழுக்க எவ்வளவு உற்பத்தி என்பதா, தேவை உச்சத்தில் இருக்கும்போது கையில் இருக்கிறதா என்பதா, இல்லை திடீரென்று அறுந்துபோகாமல் இருப்பதா? மூன்றும் வேறு வேறு. அதைத் தீர்க்காமல் பேசினால் இது முடியவே முடியாது.

வெயிலோன்:
32 என்றால் 32. எந்தக் காரணத்துக்கு நின்றாலும் மின்சாரம் வரவில்லையா இல்லையா? பராமரிப்புக்கு நின்றால் மட்டும் கம்பியில் கரண்ட் ஓடுமா? ஒரே வடிவமைப்பில் வரிசையாகக் கட்டினால் ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும், அதைத்தான் 2022 காட்டியது. சூரியன் எப்போது மறையும் என்று எனக்கு இன்றைக்கே தெரியும், அடுத்த வருடம் இதே நாளுக்கும் தெரியும். உங்கள் உலை எப்போது நிற்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?

உலைக்களம்:
மறையும் நேரம் தெரிந்துவிட்டால் ராத்திரியில் விளக்கு எரிந்துவிடுமா? பேச்சைப் பாருங்கள். இவருக்கு அட்டவணை இருந்தால் போதும், மின்சாரம் வேண்டாம். ராத்திரியாவது பன்னிரண்டு மணி நேரம். ஜெர்மனி மாதிரி நாட்டில் டிசம்பரில் கிடைக்கும் சூரிய மின்சாரம் ஜூனில் கிடைப்பதில் கால் பங்குகூட இல்லை, காற்றும் சேர்ந்து நின்றுபோகும் நாட்கள் அங்கே குளிர்காலத்தில் வரும், வாரக்கணக்கில்கூட இழுக்கும். அப்படிப்பட்ட நாடு 2023 ஏப்ரல் 15-ஆம் தேதி நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடைசி மூன்று உலைகளையும் மூடியது. இதை யாராவது எனக்கு நியாயப்படுத்திக் காட்டுங்கள்.

வெயிலோன்:
பேட்டரி என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டீர்கள். 2024 ஏப்ரலில் ஒரு மாலை, கலிபோர்னியா மின்கட்டமைப்பில் கொஞ்ச நேரத்துக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் கொடுத்தது பேட்டரிதான். "பேட்டரி எல்லாம் பொம்மை, பெரிய கட்டமைப்பைத் தாங்காது" என்று முன்பு இங்கேயே எழுதியது யார் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

உலைக்களம்:
"கொஞ்ச நேரத்துக்கு". நீங்களே எழுதிவிட்டீர்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் நான்கு மணி நேரப் பேட்டரிகள். மாலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பதினொன்றுக்குக் காலி. அதற்கப்புறம்? எரிவாயுதானே? அந்த எரிவாயுவின் செலவையும் புகையையும் சோலார் கணக்கில் எழுதாமல், பகல் பன்னிரண்டு மணி விலையை மட்டும் காட்டி "மலிவு" என்கிறீர்கள். நான் பொம்மை என்று சொன்னது குளிர்காலத்தைத் தாங்காது என்ற பொருளில், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

மின்பாதை:
மின்கட்டமைப்புப் பக்கத்தில் வேலை பார்த்தவன் என்பதால் ஒரு வார்த்தை. 1300 மெகாவாட் உலை ஒன்று ஒரே நொடியில் நின்றால், அந்த அளவுக்கு வேறு நிலையங்கள் தயாராக இருந்தாக வேண்டும். அணுவுக்கும் பின்துணை வேண்டும், சோலாருக்கும் வேண்டும். ஆனால் நிலையங்களில் சுற்றும் பெரிய சுழலிகளின் (டர்பைன்) எடை, கட்டமைப்பின் அதிர்வெண்ணைச் சட்டென்று சரியாமல் பிடித்துக்கொள்ளும்; பேனல் மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர் அதைச் செய்யாது. 2025 ஏப்ரல் 28-இல் ஸ்பெயின் இருண்டதற்கு...

உலைக்களம்:
அப்படிப் போடுங்கள்! ஸ்பெயின்! அந்த நேரத்தில் பாதிக்கு மேல் சோலார். நாடே நின்றது, போர்ச்சுக்கலும் சேர்ந்து.

மின்பாதை:
முழுதாக எழுத விடுங்கள். அங்கே வோல்டேஜ் ஏறிக்கொண்டே போய் நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வோல்டேஜைக் கட்டுப்படுத்த வேண்டிய வழக்கமான நிலையங்களும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அரசின் ஆய்வறிக்கையே சொன்னது. சோலார் ஒன்றின் தலையில் கட்டுவது தவறு.

வெயிலோன்:
நன்றி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த ஸ்பெயின் அணு உலைகளும் தானாக நின்றன, குளிர்விக்க டீசல் ஜெனரேட்டரை நம்பி உட்கார்ந்திருந்தன. நாட்டுக்கு மின்சாரம் தர வேண்டியது தனக்கே வெளியிலிருந்து மின்சாரம் எதிர்பார்க்கிறது. அதோடு 2003 வெப்ப அலையில் உலையைக் குளிர்விக்கும் ஆற்று நீர் சூடாகி பிரான்ஸில் உலைகளைக் குறைத்து ஓட்டினார்கள், 2022 கோடையிலும் அதே கதை. 32 நின்றது போதாதென்று.

உலைக்களம்:
மறுபடியும் 32! ஐயா, வெளி மின்சாரம் போனால் உலை தானாக நின்றுகொள்வது பாதுகாப்புக்கு. அது கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. அதைக்கூடக் குற்றமாக எழுதுபவரிடம் என்ன பேசுவது? நீங்கள் சோலார் விற்கும் நிறுவனத்தில் இருப்பதாக இங்கே எழுதியதை நான் மறக்கவில்லை, எல்லோரும் அதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளட்டும்.

வெயிலோன்:
வேலையை இழுக்கிறீர்களா? நான் எங்கே வேலை பார்த்தாலும் 32 குறையாது. பிரான்ஸில் ஃபிளமான்வில் என்ற இடத்தில் புதிய உலையை 2007-இல் கட்ட ஆரம்பித்தார்கள், 2012-இல் முடிப்போம் என்றார்கள், கட்டமைப்போடு இணைந்தது 2024 டிசம்பரில். பன்னிரண்டு வருடத் தாமதம். வராத மின்சாரம் எந்தக் கணக்கில் நம்பகமானது?

கணக்கன்:
இது வேறு கேள்வி. கட்டும் காலம் வேறு, கட்டிய பின் ஓடும் விதம் வேறு. நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

உலைக்களம்:
கணக்கன், உங்களுக்கு வரையறை வேண்டுமென்றால் தனி இழை திறந்துகொள்ளுங்கள். வெயிலோனுக்கு: 1974-இல் முடிவெடுத்த அதே பிரான்ஸ் பதினைந்து, இருபது வருடத்துக்குள் நாட்டு மின்சாரத்தில் முக்கால் பங்கை அணுவுக்கு மாற்றிக் காட்டியது. ஒரே வடிவமைப்பில் வரிசையாகக் கட்டியதால்தான் அது முடிந்தது, நீங்கள் நோய் என்று சொன்ன அதே வடிவமைப்பு. கட்டும் பழக்கத்தை விட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பித்தால் தாமதம் ஆகத்தான் செய்யும். என் கேள்வி முதல் பதிவிலேயே இருக்கிறது: டிசம்பர் ராத்திரி, காற்று இல்லை, பேட்டரி காலி, எரிவாயு கூடாது. எங்கிருந்து மின்சாரம்?

வெயிலோன்:
என் கேள்வி அதற்கு அடுத்த பதிவிலேயே இருக்கிறது. 56-இல் 32. முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள், பிறகு டிசம்பருக்கு வருகிறேன்.

உலைக்களம்:
சொல்லியாயிற்று. ஏறிப் படியுங்கள்.