எட்டாவது முடித்த பெண்ணுக்கு அறிவியல் அடிப்படையைத் திரும்ப எங்கிருந்து ஆரம்பிப்பது?

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். பெண் தமிழ் வழியில், மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாவது முடித்துவிட்டாள், ஜூனில் ஒன்பதாவது. அறிவியலில் மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை, வரையறை கேட்டால் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துவிடுவாள். பிரச்சினை அதற்கு அப்புறம்தான். எடையின் அலகு நியூட்டன் என்று எழுதுகிறாள், உன் எடை எவ்வளவு என்றால் 40 கிலோ என்கிறாள், இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்டால் "பரீட்சையில் அப்படியெல்லாம் கேட்க மாட்டாங்கம்மா" என்று எழுந்து போய்விடுகிறாள். வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் என்ன வித்தியாசம் என்றால் ஜூல், கெல்வின் என்று அலகு வருகிறது, விளக்கம் வரவில்லை.

ஒன்பதாவது புத்தகத்தைப் பக்கத்து வீட்டில் வாங்கிப் புரட்டினேன். பாய்மங்கள், வேதிப்பிணைப்பு என்று போகிறது. இந்த நிலையில் அங்கே போனால் முழிப்பாளே என்று கவலையாக இருக்கிறது. நான் பி.காம்., பத்தாவதோடு அறிவியலை விட்டவள். டியூஷனில் போட்டால் இன்னொரு சுற்று மனப்பாடம்தான் நடக்கும், அதனால் லீவில் நானே கூட உட்காரலாம் என்று நினைக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படிக்க வைப்பதா? இல்லை எதையாவது பொறுக்கி எடுக்கலாமா? ஆய்வுக்கூடமெல்லாம் கிடையாது, சமையலறை இருக்கிறது.

கோடைமழை:
லீவு விடுவதே விளையாடத்தானே! எட்டாவது பிள்ளைக்கு இவ்வளவு பதற்றம் வேண்டாம். யூட்யூபில் அனிமேஷனோடு நல்ல வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, போட்டுக் காட்டுங்கள், தானாகப் புரியும்.

ஓய்வு_வாத்தியார்:
வீடியோ பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியேதான் இருக்கும், பாதியில் நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்" என்று கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

நூல்கண்டு அம்மா, மூன்று புத்தகத்தையும் முதலிலிருந்து படிக்க வைக்க வேண்டாம். பிள்ளை சலித்துவிடும், நீங்களும்தான். இந்த வயதில் குழப்பம் பெரும்பாலும் இரட்டை இரட்டையாகத்தான் வரும்: நிறை - எடை, வெப்பம் - வெப்பநிலை, வேகம் - திசைவேகம், விசை - அழுத்தம், அணு - மூலக்கூறு. ஒவ்வொரு ஜோடியையும் பிரித்துச் சொல்ல வந்துவிட்டால் மூன்று வருடப் பாடத்தில் பாதி தானாக நிமிர்ந்துவிடும்.

உங்கள் பெண் மாட்டிக்கொண்ட இடத்தையே எடுத்துக்கொள்வோம். 40 கிலோ என்பது அவளுடைய நிறை, அதாவது அவள் உடம்பில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பது. அந்த 40 கிலோவைப் பூமி கீழே இழுக்கிற விசைதான் எடை. 40ஐப் பூமியின் ஈர்ப்பு முடுக்கமான 9.8ஆல் பெருக்கினால் 392 நியூட்டன். நிலவில் ஈர்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, அங்கே அவள் எடை 65 நியூட்டன் அளவில் இருக்கும், நிறை அதே 40 கிலோதான். இங்கே ஒரு கேள்வி போடுங்கள்: படிக்கல் வைத்து நிறுக்கும் இரட்டைத் தட்டுத் தராசையும், கடையில் இப்போது இருக்கும் மின்னணுத் தராசையும் நிலவுக்குக் கொண்டுபோனால் இரண்டும் ஒரே பதிலைச் சொல்லுமா? சொல்லாது. தட்டுத் தராசில் படிக்கல்லும் அதே அளவு இலேசாகிவிடுவதால் 40 என்றே காட்டும். மின்னணுத் தராசு உண்மையில் அளப்பது விசையை, பூமியின் ஈர்ப்பைக் கணக்கில் வைத்து அதைக் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது, அதனால் அங்கே ஆறரை கிலோ சொச்சம் என்று சொல்லும். இதை அவளே யோசித்துச் சொல்லிவிட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்காது.

வெப்பத்துக்கு அடுப்படியே போதும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 294 கிலோஜூல் வேண்டும். கொதிக்க ஆரம்பித்த பிறகு அந்த ஒரு லிட்டரும் முழுக்க ஆவியாக வேண்டுமானால் இன்னும் 2260 கிலோஜூல் வேண்டும், முன்னதைப் போல ஏழரை மடங்குக்கு மேல். இவ்வளவும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது வெப்பநிலை 100ஐத் தாண்டுவதில்லை. வெப்பம் போகிறது, வெப்பநிலை ஏறவில்லை, அப்படியானால் இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா? (உலை கொதித்த பிறகு அடுப்பைக் குறைத்தாலும் சோறு அதே நேரத்தில்தான் வேகும் என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது, கேஸும் மிச்சம்.) ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கருக்குள் 120 வரை போகும், அதற்குக் காரணம் அழுத்தம், அங்கிருந்து அழுத்தப் பாடத்துக்கே போய்விடலாம். ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆர்வத்தில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வெந்நீரில் விட்டுவிடாதீர்கள். அது 42 டிகிரி வரைதான், உடைந்துவிடும்.

எதைச் செய்தாலும் செய்வதற்கு முன் "என்ன ஆகும், ஏன்" என்று ஒரு வரி நோட்டில் எழுத வையுங்கள். எழுதாமல் செய்தால் அது வெறும் வித்தை காட்டுவதாகப் போய்விடும், பிள்ளை கைதட்டிவிட்டுப் போய்விடும். முதலில் ஒரு ஸ்டீல் தட்டையும் மரப்பலகையையும் ஒரே அறையில் ராத்திரி முழுக்க வைத்திருந்து, காலையில் இரண்டிலும் ஒரே அளவு ஐஸ் கட்டி வையுங்கள். எதில் முதலில் உருகும் என்று எழுதச் சொல்லுங்கள். பதிலை இங்கே சொல்லமாட்டேன்.

சாயப்பட்டறை_லேப்:
அக்கா, நானும் திருப்பூர்தான், சாயப்பட்டறை லேபில் வேலை. வாத்தியார் சார் இயற்பியலைச் சொல்லிவிட்டார், வேதியியலுக்கு நான் வருகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை உடைக்க வேண்டும். நிறையப் பிள்ளைகள் "திரும்பப் பழைய நிலைக்கு வந்தால் இயற்பியல் மாற்றம், வராவிட்டால் வேதியியல் மாற்றம்" என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தால் திரும்ப ஒட்டுமா? ஒட்டாது, ஆனால் அது காகிதம்தான், இயற்பியல் மாற்றம். வெள்ளைச் சட்டையில் சாம்பார் கறை பட்டு சோப்புப் போட்டால் சிவப்பாகும், எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சள். திரும்ப வந்துவிட்டது, ஆனால் அது வேதியியல் மாற்றம், மஞ்சளில் இருக்கும் குர்குமின் சோப்பில் இருக்கும் காரத்தோடு வினைபுரிந்து வேறொரு வடிவத்துக்குப் போகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "திரும்புமா" என்பதில்லை, "புதுப் பொருள் உண்டானதா" என்பதுதான். சூடத்தைத் திறந்து வைத்தால் கரைந்து காணாமல் போகும், அது பதங்கமாதல், அதாவது திடப்பொருள் நேராக ஆவியாவது, காற்றில் இருப்பதும் சூடம்தான். அதையே கொளுத்தினால் கார்பன் டைஆக்சைடும் நீராவியும் கரியும் ஆகிவிடும், சூடம் இல்லை. ஒரே பொருளை வைத்து இரண்டையும் காட்டிவிடலாம்.

அமிலம் காரத்துக்கு லிட்மஸ் தாள் தேட வேண்டாம். ஆரத்தி எடுக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறதே, அதுதான் நிறங்காட்டி. மஞ்சள் காரத்துக்கு மட்டும்தான் நிறம் மாறும், அமிலத்துக்குச் சும்மா இருக்கும். இரண்டுக்கும் வேண்டுமானால் சங்குப்பூவை வெந்நீரில் போட்டு நீலத் தண்ணீர் எடுங்கள், எலுமிச்சைச் சாறு விட்டால் இளஞ்சிவப்பு கலந்த ஊதா, துணி துவைக்கும் சோப்புத்தூள் கரைசல் விட்டால் பச்சைக்குப் போகும். ஆப்பச்சோடா, புளித்தண்ணீர், வினிகர், உப்புத்தண்ணீர், ஷாம்பு என்று வரிசையாகச் சோதிக்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளிய விட்டு, மேலே இருக்கும் தெளிநீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினால் பால் போல ஆகும், மூச்சில் இருக்கும் கார்பன் டைஆக்சைடு அதைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. சுவரில் அடித்த சுண்ணாம்பு நாள்பட நாள்பட இறுகுவதும் இதே வினைதான். ஊதும்போது உறிஞ்சக் கூடாது, கண்ணில் தெறிக்கக் கூடாது, பக்கத்தில் நீங்கள் இருங்கள். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிற வேலை மட்டும் வீட்டில் வேண்டவே வேண்டாம், கொதித்துத் தெறிக்கும்.

பெண்ணிடம் ஊர்க்கதையாகவும் சொல்லலாம். பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது சோடா ஆஷ் என்கிற காரத்தைப் போட்டு பிஹெச்சை (அமில-கார அளவு, 7 என்றால் நடுநிலை) 11 பக்கம் கொண்டுபோனால்தான் சாயம் நூலோடு பிணையும், அப்புறம் அசிட்டிக் அமிலம் விட்டு நடுநிலையாக்குவோம். வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். பிஹெச் ஒன்று கூடினால் காரத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதையும் சொல்லிவையுங்கள், 7க்கும் 9க்கும் "ரெண்டுதானே வித்தியாசம்" என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்.

ஐந்துபதினெட்டு:
சோதனை எல்லாம் சரிதான், ஆனால் நான் பார்த்த வரை ஒன்பதாவதில் பிள்ளைகள் தடுக்கி விழுவது கணக்கில்தான். கருத்து புரிந்த பிள்ளைகூட கிராமை கிலோவாக மாற்றாமல் சூத்திரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். அதனால் தினம் நாலு கணக்காவது போட வையுங்கள், விடையில் அலகு இல்லையென்றால் மதிப்பெண்ணே கிடையாது என்று கறாராக இருங்கள். அலகில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாசாவே சாட்சி. 1999இல் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் தொலைந்துபோனது, ஒரு தரப்பு பவுண்டு-விசை கணக்கில் கொடுத்த எண்ணை இன்னொரு தரப்பு நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்டதுதான் காரணம்.

வேகத்துக்கு ஒரு கணக்கு. 120 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 60 வேகத்தில் போய், திரும்பும்போது 40 வேகத்தில் வந்தால் சராசரி வேகம் என்ன? பத்தில் ஒன்பது பேர் 50 என்பார்கள். போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம், மொத்தம் 240 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம், விடை 48. அடுத்து உடனே சராசரி திசைவேகம் (இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தது) கேளுங்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதால் இடப்பெயர்ச்சி பூஜ்யம், திசைவேகமும் பூஜ்யம். வாத்தியார் சொன்ன ஜோடி இங்கே ஒரே கணக்கில் பிரிந்துவிடும்.

இன்னொரு ஜோடியை அவர் விட்டுவிட்டார்: திறன் - ஆற்றல். இதற்குப் புத்தகமே வேண்டாம், கரண்ட் பில்லை எடுங்கள். ஒரு யூனிட் என்பது 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் ஆற்றல், 36 லட்சம் ஜூல். 75 வாட் ஃபேன் தினம் 10 மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட், இரண்டு மாதப் பில்லுக்கு 45 யூனிட். இவ்வளவையும் அந்த ஒரு ஃபேனே தின்றுவிடுகிறது. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சாதனத்தின் ஸ்டிக்கரையும் பார்த்து வாட்டை எழுதி, அடுத்த பில் எவ்வளவு வரும் என்று அவளே கணிக்கட்டும். பில் வந்ததும் ஒப்பிட்டால் கணக்கு எங்கே இடிக்கிறது என்று அவளுக்கே தேடத் தோன்றும், ஃப்ரிட்ஜ் நாள் முழுக்க ஓடுவதில்லை என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும்.

ஓய்வு_வாத்தியார்:
தம்பி சொல்வது சரி, கணக்கும் வேண்டும். ஒரே ஒரு திருத்தம்: எண்ணைப் போடுவதற்கு முன் விடை பெரிதாக வருமா சிறிதாக வருமா என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். அப்போதுதான் ஒரு மனிதனின் நிறை 4000 கிலோ என்று வந்தால் சந்தேகமாவது வரும்.

நூல்கண்டு:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஐஸ் கட்டி சோதனையைச் செய்துவிட்டோம். மரப்பலகையில்தான் முதலில் உருகும், அதுதான் தொட்டால் சூடாக இருக்கிறது, ஸ்டீல் ஜில்லென்று இருக்கிறது என்று அடித்து எழுதினாள். ஸ்டீல் தட்டில் கண்ணெதிரே கரைந்ததும் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். ராத்திரி முழுக்க ஒரே அறையில் இருந்ததால் இரண்டுக்கும் வெப்பநிலை ஒன்றுதான், ஸ்டீல் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்துகிறது, கையிலிருந்து சீக்கிரம் எடுப்பதால் ஜில்லென்று தெரிகிறது, ஐஸுக்கும் சீக்கிரம் கொடுக்கிறது என்று கடைசியில் அவளே வந்து சேர்ந்தாள். நான் நடுவில் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

இப்போது அவள் என்னைக் கேட்கிறாள்: டம்ளர் விளிம்பு வரை தண்ணீர், மேலே ஐஸ் கட்டி மிதந்து விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது, உருகினால் வழியுமா வழியாதா? நான் வழியும் என்றேன், அவள் வழியாது என்கிறாள், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. யார் சொல்வது சரி?

ஓய்வு_வாத்தியார்:
பெண் சொல்வதுதான் சரி, வழியாது. தண்ணீர் உறைந்தால் அதன் பருமன் பத்தில் ஒரு பங்கு போலக் கூடுகிறது, நிறை கூடுவதில்லை. அதனால் அடர்த்தி குறைந்து மிதக்கிறது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரைத்தான் விலக்கும், அந்த ஐஸ் உருகினால் அதே எடையுள்ள தண்ணீராகிறது, விலக்கியிருந்த இடத்தில் கச்சிதமாக அடங்கிவிடுகிறது. மேலே நீட்டிக்கொண்டிருந்தது முழுக்கக் கூடுதல் பருமன்தான். ஒன்பதாவதில் பாய்மங்கள் பாடத்தில் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் என்று இதுவேதான் வரும், அவள் பாதி தூரம் வந்துவிட்டாள்.

திட நிலை மிதப்பது தண்ணீர் போன்ற வெகுசில பொருள்களுக்கு மட்டுமே உள்ள குணம் என்பதையும் காட்டிவிடுங்கள். ஃப்ரிட்ஜில் உறைந்த தேங்காய் எண்ணெய்த் துண்டை உருகிய தேங்காய் எண்ணெயில் போட்டால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் டம்ளர் கணக்கையே கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: நல்ல தண்ணீரில் செய்த ஐஸ் உப்புக்கரைசலில் மிதந்து உருகினால் மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? கண்ணாடி டம்ளரில் பேனாவால் கோடு போட்டு அளக்கட்டும். உப்பு இனிக் கரையாது என்கிற அளவுக்குப் போட்டுக்கொள்ளுங்கள், குறைவாகப் போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.