கேப்பிட்டலில் டூர் காட்டிய அனுபவம் யாருக்காவது உண்டா?
வணக்கம். அமெரிக்க நாடாளுமன்றம் கூடும் வாஷிங்டன் கேப்பிட்டல் கட்டடத்தைச் சுற்றிக்காட்டும் சேவையை யார் மேற்பார்வை செய்கிறார்கள் என்று வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். சட்டம் சொல்வது கிடைத்துவிட்டது. 1876இல் தொடங்கிய வழிகாட்டிகள் பார்வையாளர் தரும் காசில்தான் பிழைத்தார்கள். 1970ஆம் ஆண்டுச் சட்டம் சேவையை இலவசமாக்கி, மூவர் வாரியத்தின் கீழ் வைத்தது. பார்வையாளர் மையம் திறந்த 2008இலேயே அது, கட்டடத்தைப் பராமரிக்கும் ‘ஆர்க்கிடெக்ட் ஆஃப் த கேப்பிட்டல்’ அலுவலகத்தின் கைக்குப் போனது. (பெயர்தான் ஆர்க்கிடெக்ட், தோட்டப் பராமரிப்பும் அவர்கள் வேலைதான்!)

எனக்குச் சிக்கல் வேறிடத்தில். எம்.பி.க்களின் அலுவலக ஊழியர்களும் இன்டர்ன்களும் தொகுதி மக்களைத் தாங்களே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். அதற்குப் பயிற்சி கட்டாயம். ஆனால் சிவப்புக் கோட்டு வழிகாட்டிகளைப் போல இவர்கள் மையத்தின் ஆட்கள் இல்லை. சம்பளமும் உத்தரவும் எம்.பி. அலுவலகத்திலிருந்து.

இங்கே யாராவது, அல்லது உங்கள் பிள்ளைகள், அப்படி இன்டர்னாக இருந்ததுண்டா? பயிற்சியில் என்ன சொல்லித்தந்தார்கள்? வரலாற்றைத் தப்பாகச் சொன்னால் திருத்த ஆள் இருந்தார்களா? பார்வையாளர் புகார் யாரிடம் போனது? பெயர் போட மாட்டேன். இன்பாக்ஸில் நாலு வரி எழுதினாலும் போதும், அடுத்த வெள்ளிக்குள் கிடைத்தால் நல்லது.